மலையேறிய காகிதக் கட்டுகள்

எங்கள் ஆவண அறை கொல்லிமலைக்குப் போனதற்கு முதல் காரணம் யுத்தம். இரண்டாவது காரணம் கறையான்.

அப்போது நான் சென்னையில், பல்கலைக்கழகத்துச் சரித்திர ஆவண அறையில் உதவியாளனாக இருந்தேன். வயது இருபத்தாறு. எம்.ஏ. முடித்துவிட்டு விரிவுரையாளர் வேலைக்குக் காத்திருந்தவனை, ‘அதுவரைக்கும் இங்கே இரு’ என்று அங்கே உட்கார வைத்திருந்தார்கள். கும்பினி காலத்துக் கடிதங்கள், பாளையக்காரர்களின் மனுக்கள், ஊர் எல்லைத் தகராறுகள், மோடி என்னும் பழைய எழுத்தில் மராட்டியக் கட்டுகள், கொஞ்சம் ஓலைகள் என்று அறை நிறைந்து கிடந்தது. ஒவ்வொரு கட்டின் மேலட்டையிலும் ஓர் எண்ணும் ஒரு வரியும் எழுதியிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று முழுதாக அறிந்தவர் யாரும் இல்லை. முழு அட்டவணை ஒன்று தயாரிக்க வேண்டும் என்று வருஷ அறிக்கையில் எழுதுவார்கள். அடுத்த வருஷமும் அதே வரி வரும்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் பாதி காலியான சித்திரை மாதத்தில், எங்கள் கட்டுகளையும் வெளியூருக்கு அனுப்ப முடிவானது. எங்கள் மாணவர் ஒருவரின் தகப்பனார் கொல்லிமலை அடிவாரத்தில் விவசாயம் செய்துவந்தார். தன் நெல் கிடங்கு ஒன்றைக் காலி செய்து தருவதாக எழுதியிருந்தார். நான் ராசிபுரம் பக்கத்துக்காரன், அந்தப் பேச்சு தெரிந்தவன் என்பதால் கட்டுகளோடு போகும் மூவரில் என் பெயரும் சேர்ந்தது.

மற்ற இருவரில் ஒருவர் எங்கள் காப்பாளர். ஐம்பதைத் தாண்டியவர். எந்த வெயிலிலும் கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு. ஆவண அறையின் விதிகளை எண் வாரியாகச் சொல்லுவார். இன்னொருவர் பைண்டர். எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிடுவோம். கிழிந்த தாளைப் பார்த்தால், அடிபட்ட பிராணியைப் பார்த்ததுபோல் ‘த்சொ’ என்பார். இருபத்தைந்து வருஷ வேலையில் ஓர் அறிக்கையிலும் அவரைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை.

அடிவாரக் கிடங்கில் மூன்று மாதம் நன்றாகத்தான் போயிற்று. ஆவணியில் ஒருநாள் மேஸ்திரி ஒரு பெட்டியை நகர்த்தினார். அடிப்பலகை தரையோடு நின்றுவிட்டது. மேல்பகுதி மட்டும் கையோடு வந்தது. கறையான் அடிப்பலகையைத் தின்று முடித்து, அடியிலிருந்த கட்டின் அட்டையில் வாய் வைத்திருந்தது.

விவசாயி பதறிப்போனார். “ஏனுங்க, மேல மலையில எங்களுக்கொரு ஊடு சும்மாதான் கெடக்குது. கல்லுத்தரைங்க. கறையான் ஏறாதுங்க. அங்க வெச்சுக்குங்க” என்றார்.

காப்பாளர் மலையைப் பார்த்தார். உச்சி மேகத்துக்குள் இருந்தது. “காகிதத்தை மேகத்துக்குள்ள கொண்டுபோய் வைக்கச் சொல்றார்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். ஆனால் வேறு வழியில்லை.

மலைக்கு அப்போது வண்டிப் பாதை கிடையாது. ஒற்றையடிப் பாதையும் கல்படிகளும்தான். கனத்த பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அதில் ஏற முடியாது. கட்டுகளை வெளியே எடுத்து, மெழுகுத்துணியில் சுற்றி, சாக்குகளில் போட்டு, தலைச்சுமையாக ஏற்ற வேண்டும். எந்தப் பெட்டியின் எந்தக் கட்டு எந்தச் சாக்கில் போகிறது என்று பட்டியல் எழுதுவது என் வேலை.

புரட்டாசியில் ஒரு காலையில் மலையிலிருந்து ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். மலையில் ஊர்த்தொகுதிகளை நாடு என்பார்கள்; இவர்கள் தேவனூர் நாட்டின் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய ஊர்க்கவுண்டர் அனுப்பியிருந்தார். யாரும் அதிகம் பேசவில்லை. சுமையை வாங்கினார்கள், ஏறினார்கள், திரும்பி வந்தார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் தூறல் பிடித்தது. சாக்குகளை நனையாமல் அனுப்ப வேண்டும் என்ற அவசரத்தில் நான் பட்டியல் எழுதுவதை நிறுத்திவிட்டேன். நினைவில் வைத்துக்கொண்டு பிறகு எழுதலாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மேலே போய் உட்கார்ந்து எழுதப் பார்த்தால் ஒன்றும் நினைவில்லை. தோன்றியபடி எதையோ எழுதி நிரப்பினேன்.

மலை வீடு நான் நினைத்ததைவிடப் பெரியது. நான்கு அறைகள், கருங்கல் தரை, ஓட்டுக் கூரை. அடுத்த வீட்டில் ஒரு பெண்ணும் அவள் கணவனும் இருந்தார்கள். சாமையும் ராகியும் பயிரிட்டார்கள், கொஞ்சம் மிளகுக்கொடியும் இருந்தது. அவளுக்கு முப்பது வயது இருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்டேன். எங்களுக்குத் தண்ணீரும் சோறும் அவள் வீட்டிலிருந்துதான் வந்தன.

முதல் வாரத்திலேயே காப்பாளர் பட்டியலோடு சாக்குகளைச் சரிபார்க்க ஆரம்பித்தார். பதினொன்றாம் பெட்டியின் கட்டு என்று எழுதியிருந்த சாக்கில் முப்பதாம் பெட்டியுடையது இருந்தது. அடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. “மழையில பட்டியல் மை கரைஞ்சு, நீங்க பார்த்துத் திரும்ப எழுதும்போது தப்பாப் போச்சோ?” என்று அவரே எனக்கு ஒரு காரணம் எடுத்துக் கொடுத்தார். நான் தலையை ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டல் ஐந்து நாள் என்னைப் படுத்தியது. அவர் கோட்டின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு ஒவ்வொரு சாக்காகக் குனிந்து தேடுவார். மூச்சு வாங்கும். “மழையை என்ன செய்ய முடியும்” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார். ஆறாம் நாள் காலை அவர் முன்னால் போய் நின்றேன்.

“சார், மழை இல்லை சார். நான்தான். பாதியிலே எழுதறதை நிறுத்திட்டேன். மிச்சமெல்லாம் குத்துமதிப்பா எழுதினது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். வெளியே மேகம் வாசல்படி வரைக்கும் வந்து நின்றது. மேஸ்திரி பசைக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

“முன்னாலேயே சொல்லியிருந்தா எனக்கு இடுப்புவலி மிச்சமாகியிருக்கும்” என்றார் காப்பாளர். பிறகு அடுத்த சாக்கை அவிழ்க்கப் போனார். சாப்பிடும்போது மறுபடி ஆரம்பித்தார். “மேலட்டையில பாதி எண் அழிஞ்சிருக்கு. எல்லாக் கட்டையும் பிரிச்சு, ஒவ்வொரு தாளா என்னன்னு பார்த்தாத்தான் எது எந்தப் பெட்டியோடதுன்னு தெரியும். பிரிக்கிறதுதான் பிரிக்கிறோம், பார்க்கிறதை எழுதிடுவோம். இங்கே நம்மைத் தேடி யார் வரப் போறாங்க?”

வருஷா வருஷம் அறிக்கையில் வந்த அந்த அட்டவணை இப்படித்தான் ஆரம்பித்தது.

அவர் தாளைப் படித்துச் சொல்லுவார். யார் யாருக்கு எழுதியது, எந்த ஊர், என்ன விஷயம் என்று மூன்று நான்கு வரிகளில் நான் ஒரு சீட்டில் எழுதுவேன். மேஸ்திரி அந்தத் தாளின் கிழிசலை ஒட்டி, ஓரத்தை நேராக்கி, அடுக்குவார். மோடி எழுத்து வந்தால் காப்பாளருக்கு உற்சாகம் பிறந்துவிடும், குரல் உயரும். பட்டணத்தில் இருந்தவரை நான் அவரை ஒரு விதிப்புத்தகமாகத்தான் பார்த்திருந்தேன். மராட்டியத்தில் இவ்வளவு படித்தவர் என்பது எனக்குத் தெரியாது.

ஐப்பசி மழை பிடித்ததும் நாங்கள் பயந்தது நடந்தது. கட்டுகளின் முதுகில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. துடைத்தால் மறுநாள் மறுபடி பூத்தது. அக்கா சோறு கொண்டுவந்தபோது அதைப் பார்த்தாள்.

“இதென்னங்க, காயிதத்தைத் தரையில அடுக்கி வெச்சிருக்கறீங்க? எங்கூட்டு வெதையெல்லாம் எங்க இருக்குதுன்னு வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தோம். அடுப்புக்கு மேலே மூங்கில் பரண். அதில் விதைச் சாமையும் ராகியும் அவரைக்கொட்டையும் மூட்டைகளாக இருந்தன. தொட்டுப் பார்த்தேன். சித்திரை வெயிலில் கிடந்ததுபோல் காய்ந்திருந்தன.

“தீயா?” என்றார் காப்பாளர். “ஆவணம் இருக்கிற கட்டடத்துக்குள்ளேயே தீ கூடாதும்மா. ஏழாவது விதி.”

“ஏனுங்க சாமி, தீ ஒண்ணும் தின்னாது. நனைஞ்சாத்தான் எல்லாம் போவும். நாங்க வெதைய வெச்சிருக்கறமே, எரிஞ்சா போச்சு?”

அவர் சம்மதிக்கவில்லை. பத்து நாள் பூஞ்சையோடு மல்லுக்கட்டினோம். பதினோராம் நாள் மேஸ்திரி யாரையும் கேட்காமல், எழுதாத வெற்றுத் தாள் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் அக்காவின் பரணில் வைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்து காப்பாளர் மேசைமேல் போட்டார். தாள் மொறமொறவென்று இருந்தது. ஆனால் புகை ஏறி டீத்தண்ணீர் நிறமாகியிருந்தது.

“காய்ஞ்சிருக்கு. ஆனா நிறம் போச்சே” என்றார் காப்பாளர். இருந்தாலும் அவர் குரலில் பழைய உறுதி இல்லை.

வழியைச் சொன்னது அக்காதான். “அப்பப் பொகையில்லாமப் பண்ணுங்க. வெளியில நல்லா எரியவிட்டு, பொகையடங்கினதும் தீக்கங்கு மட்டும் சட்டியில அள்ளி உள்ள வெச்சுக்குங்க.” அப்படியே செய்தோம். அவள் கணவன் நான்கு அறைகளிலும் மூங்கில் பரண் கட்டிக் கொடுத்தான். பரணுக்குக் கீழே வைக்காமல், அறையின் எதிர் மூலையில் மணல் பரப்பி அதன்மேல் கங்குச் சட்டிகளை வைத்தோம். மத்தியானம் முழுக்க, அக்காவின் கணவனும் சேர, ஒவ்வோர் அறைக்கும் ஓர் ஆள் காவல். காப்பாளர் தம் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொண்டு, அடிக்கடி கங்குச் சட்டியைப் பார்த்தபடி, மோடிக் கடிதம் படிப்பார். கார்த்திகை முடிவதற்குள் பூஞ்சை அடங்கிவிட்டது.

மேஸ்திரிக்கு வேறொரு தொல்லை. யுத்தத்தால் மைதா மாவு கிடைக்கவில்லை. ராகிக் கஞ்சியில் பசை காய்ச்சினார், தாளில் கறை விழுந்தது. சாமைக் கஞ்சி ஒட்டவில்லை. கடைசியில் தினையை அரைத்து, துணியில் வடிகட்டி, தெளிய வைத்து, அந்த மாவில் மயில்துத்தம் கலந்து ஒரு பசை காய்ச்சினார். பட்டணத்துப் பசையைவிட அது மெல்லியதாகவும் இறுக்கமாகவும் நின்றது, பூச்சியும் நெருங்கவில்லை. கிண்ணத்தை எங்கள் மூக்குக்கு நேராக நீட்டி, “முகர்ந்து பாருங்க, புளிச்ச நாத்தமே இல்லை!” என்று அன்று முழுக்க எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

தையில் வானம் வெளுத்தது. குளிர் இருந்தாலும் வெயில் சுள்ளென்று அடித்தது. சாமை அடிக்கும் பாறைக்களம் அப்போது சும்மா இருந்தது. கட்டுகளைப் பிரித்துக் கொஞ்சநேரம் இளவெயிலில் காட்டலாம் என்று ஊர்க்கவுண்டரைக் கேட்டோம். அவர் சரி என்றார். காலையில் பாறையில் துணி விரித்து, தாள்களைப் பரப்பி, ஒவ்வொன்றின்மேலும் ஒரு கூழாங்கல் வைத்தோம். ஊரே கூடிவிட்டது. எங்களைச் சுற்றி உட்கார்ந்து, காகிதம் காய்வதை நெல் காய்வதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க, இத்தனை காயிதத்துல எங்க நாடு எதுலயாச்சும் இருக்குதுங்களா?” என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். நடுத்தர வயதுக்காரர், நிதானமாகப் பேசுபவர்.

இருந்தது. பத்து நாளுக்கு முன்னால்தான் அதற்கு நான் சீட்டு எழுதியிருந்தேன். எடுத்துக்கொண்டு வந்தேன். கும்பினி காலத்தில் தேவனூர் உட்பட மலையின் மூன்று நாட்டு ஊர்கள் சேர்ந்து கலெக்டர் துரைக்குக் கொடுத்த மனு. யாரோ கீழ்நாட்டுக் கணக்கர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நின்றபடி உரக்கப் படித்தேன். துரை மலைக்கு வரும்போதெல்லாம் பல்லக்கும் கூடாரமும் சுமக்கத் தங்களைக் கூப்பிடுகிறார்கள், சுமக்கத் தங்களுக்குத் தடையில்லை, ஆனால் சாமை அறுக்கும் நாளில் கூப்பிட்டால் கதிர் உதிர்ந்து போகிறது, ஆகையால் அறுப்பு முடிந்தபின் வரவேண்டும் என்பது விஷயம். துரை அதன் பின்பக்கத்தில் ஒரு கையெழுத்து மட்டும் போட்டிருந்தார்.

படித்து முடித்தேன். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் கணவன் சிரித்தான். பாறை முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

“நீங்க வந்தது எப்பங்க?” என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பொரட்டாசியிலங்க! எங்கூட்டுச் சாமை பாதி அறுப்புல நின்னுதுங்க. அருவாளைப் போட்டுட்டுத்தான் உங்க சாக்கைத் தூக்க வந்தோம்.”

காப்பாளரின் முகம் மாறிவிட்டது. “ஏன் சொல்லலை?” என்று கேட்டார்.

“நீங்க கேக்கலீங்களே” என்றார் ஊர்க்கவுண்டர். அதில் கோபம் இல்லை. “அடிவாரத்துல இருந்து சொல்லி விட்டாங்க, வந்தோம். கதிரு கொஞ்சம் போச்சு. போவட்டும்ங்க.”

காப்பாளர் எழுந்து நின்றார். கோட்டுப் பொத்தானை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார். “தெரியாமல் செய்துவிட்டோம். மன்னிக்கணும்” என்றார். யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. ஊர்க்கவுண்டர்தான் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

பிறகு ஊர்க்கவுண்டர் கேட்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. “இதைய எழுதினது கீழ்நாட்டாளுங்க. எங்க பேச்சாட்டமே இல்லீங்க. எங்க எல்லை, எங்க ஓடை, எந்தக் காட்டை எந்த வருசம் சும்மா போடறது, இதெல்லாம் நாங்க சொல்றாப்பலயே எழுதி இந்தக் கட்டுல வெப்பீங்களா?”

“எங்கள் அறை, வந்த காகிதத்தை வைக்கும் இடம். புதிதாகக் காகிதம் உண்டாக்குகிற இடமில்லை” என்றார் காப்பாளர். வழக்கமாக அதற்கும் ஒரு விதி எண் சொல்லுவார். அன்று சொல்லவில்லை. மூன்று நாள் கழித்துப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி என்னிடம் நகல் எடுக்கக் கொடுத்தார். மலை நாட்டார் தங்கள் வாயால் சொல்வதைப் பதிவு செய்து, ஆவண அறையில் தனிப் பிரிவாக வைக்க அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளர் போதும் என்றும், அந்த வேலையை நான் செய்யலாம் என்றும் சேர்த்திருந்தார்.

“கேட்காம உங்க பேரைப் போட்டுட்டேன்” என்றார். “விரிவுரையாளர் இடம் காலியாகிறதாச் சொல்றாங்க. அதுக்குத்தான் போகணும்னா சொல்லுங்க, அடிச்சுடறேன்.”

ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நான் யோசித்திருக்கவே மாட்டேன். அந்த மாதம் எங்கள் சீட்டுகள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. ஓர் ஊரின் பெயரைச் சொன்னால் எந்தக் கட்டில் எந்தத் தாள் என்று என்னால் எடுத்துக் கொடுக்க முடிந்தது. காலையில் எழுந்ததும் நேற்று விட்ட கட்டு நினைவுக்கு வந்தது. “அடிக்க வேண்டாம் சார்” என்றேன்.

மறு ஆவணிக்குள் அட்டவணை முடிந்துவிட்டது. குண்டு பயமும் குறைந்திருந்தது. புரட்டாசி முடிவதற்குள் எல்லாவற்றையும் சென்னைக்குக் கொண்டுவரும்படி கடிதம் வந்தது. காப்பாளர் அறுப்பு முடிந்து கார்த்திகை மழை விட்ட பிறகுதான் கிளம்ப முடியும் என்று பதில் எழுதி, அந்த மனுவின் நகலையும் இணைத்தார். காரமாக ஒரு பதில் வந்தது. இவரும் அதே பதிலை மறுபடி எழுதினார். கடைசியில் மார்கழியில்தான் இறங்கினோம். இந்தத் தடவை எந்தக் கட்டு எந்தச் சாக்கில் என்று ஒவ்வொன்றுக்கும் நானே எழுதினேன். காப்பாளர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார்.

அந்த வருஷ அறிக்கையில் எங்கள் அறைக்கு முதல் தடவையாக ஒரு முழுப் பக்கம் கிடைத்தது. அட்டவணை முடிந்தது முதல் செய்தி. புதிய பசையைப் பற்றி அடுத்த பத்தி. மேஸ்திரிக்குத் தலைமை பைண்டர் பதவி. அச்சுப் பிரதி வந்ததும் அவருக்குப் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “பசை சாமையிலன்னு போட்டிருக்காங்களே. அது தினையாச்சே! மாத்தச் சொல்லுங்க” என்றார். அச்சாகிவிட்டது, மாற்ற முடியாது என்றேன். நேராகக் காப்பாளரிடம் போய்ச் சண்டை போட்டு, எல்லாப் பிரதியிலும் பேனாவால் திருத்த வைத்த பிறகுதான் ஓய்ந்தார். கங்குச் சட்டி யோசனை தேவனூர் நாட்டுப் பெண் ஒருத்தி சொன்னது என்ற வரியைக் காப்பாளர் எழுதியிருந்தார். ஏழாவது விதியும் திருத்தப்பட்டது.

புதிய பிரிவுக்கு அனுமதி வந்த வருஷம் தையில் நான் தனியாக மலையேறினேன். தேவனூர் நாட்டு ஆட்களோடு திண்ணனூர், அரியூர் நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பெரிய பதிவேட்டை விரித்து, முதல் பக்கத்தில் எல்லையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றேன். ஆரம்பித்த இடத்திலேயே நின்றது. எல்லையில் ஓடும் ஓடைக்கு தேவனூர் நாட்டார் ஒரு பெயர் சொன்னார்கள், அரியூர் நாட்டார் வேறு பெயர் சொன்னார்கள். மத்தியானம் வரைக்கும் பேச்சு ஓயவில்லை.

“ரெண்டையும் எழுதிக்கிறேனுங்க” என்றேன்.

“எழுதுங்க. ஆனா எங்க பேரை மொதல்ல எழுதுங்க” என்றாள் அக்கா. எதிர்ப்பக்கத்தில் இருந்த அரியூர் நாட்டுக்காரர் ஒருவர் உடனே எழுந்து நின்றார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, முதலில் சாப்பிட்டுவிடலாமா என்று கேட்டேன்.